அம்பை பதினாறும் பட்டமளிப்பு விழாவும்

கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் இல்லையென்றால் இந்த வட்டாரம் இவ்வளவு வளர்ந்திருக்காது என்று திருநெல்வேலிச் சீமையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டமளிப்பு விழா மேடையில் மட்டுமில்லை, டீக்கடையிலும் இதே பேச்சுதான். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வழியாக வளர்ந்தது என்று ஒரு படி இறங்கிக் கேட்டால், பதில் கட்டடங்களிலும் சேர்க்கை எண்ணிக்கையிலும் போய் நிற்கிறது. கடைசியில், சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் கணக்கை எடுத்து நீட்டுகிறார்கள். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனதை ஊரின் வளர்ச்சியாக எழுதும் இந்தக் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பேர் வைத்துக்கொண்டதில் ஒரு பெருமை உண்டு. பெருமையும் வருமானமும் ஒன்றில்லை.

கண்ணுக்குத் தெரியும் பலன்களை முதலில் சொல்லிவிடலாம். 1990-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு முன் ஒரு மதிப்பெண் சான்றிதழில் எழுத்துப்பிழை என்றாலும் மதுரைக்குப் பஸ் ஏறவேண்டும். 1965-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் தென்காசி, ராதாபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று பெரிய நோய்க்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக நகையை அடகு வைக்கும். அந்த அடகு மிச்சமானதும் வட்டாரப் பொருளாதாரம்தான், எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறாவிட்டாலும். விடுதி, மெஸ், ஜெராக்ஸ் கடை, வாடகை அறை இவற்றால் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியிலும் பாளையிலும் புழங்கும் காசும் உண்மைதான். ஆனால் ஆயிரம் பேர் தங்கிச் சாப்பிட ஒரு மில்லோ பட்டாளமோ வந்திருந்தாலும் அந்தக் காசு வந்திருக்கும். பல்கலைக்கழகம் என்பதால் மட்டுமே வந்தது எது என்பதுதான் கேள்வி.

என்னைக் கேட்டால் இட்லிக் கொப்பரையைக் காட்டுவேன்.

ஆறு மகரந்தப் பை

இட்லிக்கு அரிசிக் கடையில் அம்பை பதினாறு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் குண்டரிசிக்குப் பதிவேட்டில் ஏ.எஸ்.டி. 16 என்று பேர். 1937-இல் தொடங்கி, இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-இல் வெளிவந்தது. ஆடுதுறை 31, கோவை 39 என்ற இரண்டு நெல் ரகங்களைக் கலந்தது. வயது 110 முதல் 115 நாள். ஜூன் 1 வாக்கில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கார் பருவத்துக்கு நட்டு, ஐப்பசி மழை இறங்குவதற்குள் அறுத்துவிடலாம். தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல்லுக்கு இருக்கும் ஒரே பெரிய எதிரி அறுப்பு நேரத்து மழைதான். அந்த எதிரிக்கு முன்னால் பத்து நாள் முந்திக்கொள்ளும் நெல் என்றால் அது பத்து நாள் மட்டுமில்லை, அந்தப் போகத்தின் மொத்தப் பணம்.

கலப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும். நெல் தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளும் பயிர். பூ விரிந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் தாயாக வைத்துக்கொள்ளும் கதிரில், முந்தின நாள் சாயந்திரமே ஒவ்வொரு நெல்மணியின் நுனியையும் கத்தரியால் சாய்வாக நறுக்கி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஊசி முனையால் எடுத்துவிடுகிறார்கள். ஒன்று தப்பினாலும் அந்த மணி கலப்பு இல்லை. கதிருக்குக் காகித உறை போட்டு, மறுநாள் காலை வெயில் ஏறும்போது தந்தை ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே உதறுகிறார்கள். இவ்வளவும் செய்தால் ஒரு கதிரில் சில மணி பிடிக்கும். அதை விதைத்து, அடுத்த தலைமுறையில் குட்டை, நெட்டை, சன்னம், தடி என்று பிரிந்து வருவதில் தேர்ந்தெடுத்து, இன்னும் ஆறேழு தலைமுறை அதே வேலை. பிறகு பல இடங்களில் சோதனை, அதன்பின் விவசாயிகள் வயலிலேயே சோதனை. சுமாராகப் பத்து வருஷம். ஒரு துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று வருஷம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கியவர் மேடையில் இருக்கும்போது ரகம் வெளிவரவே வராது.

ஆனால் ரகம் வெளிவந்தது பெரிய காரியமில்லை என்றுகூடச் சொல்வேன். வெளியிட்டுவிட்டு யாரும் நடாத ரகங்கள் எந்த ஆராய்ச்சி நிலையத்துப் பட்டியலிலும் உண்டு. அம்பை பதினாறு பிழைத்தது, வெளியீட்டுக்குப் பிறகு நடந்த சலிப்பான வேலையால். நிலையம் தருவது வல்லுநர் விதை. மூட்டையில் மஞ்சள் அட்டை இருக்கும். அதிலிருந்து ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து சான்று விதை, நீல அட்டை. குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் சலித்துக் கழித்த பின் விதைத்தரத்தில் 1,500 கிலோ தேறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 24 கிலோ வல்லுநர் விதை ஒரு ஏக்கர். அது தரும் 1,500 கிலோ ஆதார விதை 62 ஏக்கர். அதிலிருந்து வரும் 93 டன் சான்று விதை 3,800 ஏக்கருக்கு மேல். ஒரு ஆள் தோளில் தூக்கிப்போகும் மூட்டை, மூன்றாவது போகத்தில் ஒரு கால்வாய்ப் பாசனத்தையே மூடுகிறது. பல்கலைக்கழகத்தின் பங்களிப்பு என்று எதையாவது எண்ணால் காட்டவேண்டுமென்றால் நான் இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டைக் காட்டுவேன்.

இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பதும் பண்ணையாட்களுக்குத் தெரிந்ததுதான். விதைப்பண்ணைக்கும் பக்கத்து நெல்லுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். முந்தின போகத்தில் உதிர்ந்த நெல் தானாக முளைத்து வந்தால் அது கலவன். பூக்கும் சமயத்தில் உயரத்தை வைத்தும், பால் பிடித்தபின் மணியின் வடிவை வைத்தும் கலவனைப் பிடுங்கவேண்டும். ஆதார விதை வயலில் நூற்றுக்கு 0.05, சான்று விதை வயலில் 0.20, அதற்கு மேல் கலவன் இருந்தால் வயல் தள்ளுபடி. இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசியில் அறுப்பு மெஷினில் கோட்டைவிடுவார்கள். நேற்று வேறு ரகம் அறுத்த மெஷின் வயிற்றில் கிலோக்கணக்கில் நெல் தங்கியிருக்கும். அதை ஓடவிட்டுத் துப்புரவாக்காமல் விதை வயலில் இறக்கினால், நூறு நாள் பிடுங்கிய கலவன் அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். முதல் இரண்டு சுற்று அறுப்பை விதைக்கு எடுக்காமல் சாப்பாட்டு நெல்லோடு போட்டுவிடுவது விஷயம் தெரிந்தவர்கள் வழக்கம். அடுத்தது ஈரம். சான்று விதையில் 13 சதத்துக்கு மேல் ஈரம் கூடாது, முளைப்பு 80 சதத்துக்குக் குறையக்கூடாது. கார் அறுப்பு முடிந்து களத்தில் நெல் கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் இரண்டும் போச்சு.

இன்னொரு வேடிக்கை. விதை மானியத் திட்டங்களில் வெளிவந்து பத்து வருஷத்துக்குள் இருக்கும் ரகத்துக்குக் கூடுதல் சலுகை, பழையதற்குக் குறைவு. புது ரகங்களைப் பரப்பத்தான் அப்படி வைத்தார்கள், நியாயமும் உண்டு. ஆனால் மில்லுக்காரர் கேட்பதும் மாவு அரைப்பவர் கேட்பதும் 1986 ரகம். இதற்கு வழி, பழையதைப் பெற்றோராக வைத்துப் புதியதை எடுப்பது. குமரி மாவட்டத்துத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 2014-இல் கொடுத்த டி.பி.எஸ். 5 அப்படி வந்தது: அம்பை 16-ஐயும் ஆடுதுறை 37-ஐயும் கலந்தது.

பொருளாக இல்லாத அறிவு

நெல்லில் அறிவு விதைக்குள்ளேயே அடைத்து வருகிறது, வாங்கியவன் ஒன்றும் படிக்கவேண்டாம். கரிசலில் அப்படியில்லை. அதே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-இலிருந்து இருக்கிறது. அங்கே செம்மைப்படுத்திய ஒரு காரியம், மழைக்கு முன்பே மானாவாரி விதைப்பு. கரிசல் மண் மழை விழுந்ததும் சேறாகிவிடும், ஏர் இறங்காது, காய்வதற்குக் காத்திருந்தால் நல்ல ஈரம் வீணாகும். அதனால் சோள விதையை 2 சத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கே உலர்த்தி, மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் காய்ந்த மண்ணில் போட்டுவிடுவது.

இதில் உயிர்நாடி ஆழம். 5 சென்டிமீட்டர். மேலாக விழுந்த விதை ஒரு தூறலுக்கே முளைவிட்டு, அடுத்த வெயிலில் கருகிவிடும். சரியான ஆழத்தில் கிடந்தால் உழவு மழை இறங்கி நனைத்தால்தான் முளைக்கும். அந்த மழை என்றால் பயிர் தாக்குப்பிடிக்கும் மழை. ஆழம்தான் இங்கே மழைமானி. ஊறவைக்கும் உப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நிறைய, ஆழத்தைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. வாய்வழி போகும் செய்தியில் ரசாயனத்தின் பேர் நிற்கும், அளவு உதிர்ந்துவிடும். விதைத்துக் கெட்டவர், காலேஜ்காரன் சொன்னது பலிக்கவில்லை என்று முடித்துவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. 5 சென்டிமீட்டரில் போடும் விதைப்புக் கருவியும் கூடவே ஊருக்குள் வாடகைக்குக் கிடைத்திருக்கவேண்டும். பொருளாக இல்லாத அறிவுக்கு ஒரு பொருளைத் துணைக்கு அனுப்பாவிட்டால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

எப்போதும்வென்றானிலிருந்து போன முருங்கை

பெரியகுளம் 1 என்ற செடிமுருங்கையைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். பேர் தேனிப் பக்கத்து ஊரின் பேர். மூலவித்து நம் பக்கம் எப்போதும்வென்றானில் இருந்த நாட்டு ரகம். பெரியகுளத்தில் இருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியில் ஆறு தலைமுறை தன்மகரந்தத்திலேயே வளர்த்து, குணம் நிலைத்தபின் 1989-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் முருங்கை என்றால் மரமுருங்கை, போத்து வெட்டி நட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டியது. இதுவோ விதை போட்டு ஆறு மாதத்துக்குள் காய். இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இடைவெளி, ஒன்றரை அடிக் குழி, ஹெக்டேருக்கு அரைக் கிலோ விதை. செடி 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளவேண்டும். கிள்ளாவிட்டால் ஒற்றைக்கம்பாக ஓடி, காற்றுக்கு ஒடியும், காயும் கைக்கு எட்டாது. காய்ப்பு முடிந்ததும் 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் அடியிலிருந்து மறுதாம்பாகத் தழைக்கும், மூன்று வருஷம் வரை. சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் தேரி மண்ணில் வேறு எதையும் நம்பிப் பணம் போட முடியாத இடத்தில் இது நிற்கிறது.

ஆனால் நெல்லுக்கு இருக்கும் ஒரு பாதுகாப்பு முருங்கைக்கு இல்லை. நெல் தன் பூவுக்குள்ளேயே சூல்கொள்ளும். முருங்கைக்கு வண்டும் தேனீயும்தான் தரகர். பக்கத்துத் தோட்டத்து மரமுருங்கையின் மகரந்தம் வந்து ஒட்டினால், நல்ல காயிலிருந்து எடுத்த விதையும் அடுத்த வருஷம் கலந்துகட்டி வரும். ஒன்று குட்டைக்காய், ஒன்று கசப்பு, ஒன்று காய்க்கவே தாமதம். சொந்த விதையை நாலைந்து வருஷம் போட்டுவிட்டு, ரகம் தேய்ந்துவிட்டது என்பார்கள். ரகம் தேயவில்லை, கலந்துவிட்டது. இதற்கு நெல்லைப்போல மூன்று மீட்டர் போதாது. ஒரு ஊரே ஒத்துக்கொண்டு ஒரு மூலையை விதைத் தோட்டமாக ஒதுக்கவேண்டும். அதைப் பேசி முடிக்கவேண்டியவர் மரபியல் பேராசிரியர் இல்லை. யார் என்றால், அப்படி ஒரு ஆளை யாரும் நியமிக்கவில்லை.

எதற்கு மதிப்பெண்

ஏன் நியமிக்கவில்லை என்பதற்குச் சோம்பல் காரணமில்லை, மதிப்பெண் காரணம். மத்தியக் கல்வி அமைச்சகம் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கு நூற்றில் முப்பது கற்பித்தலுக்கு, முப்பது ஆராய்ச்சிக்கு, இருபது தேர்ச்சியும் வேலையும், பத்து வெளித்தொடர்பும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலும், பத்து நற்பெயர். வெளித்தொடர்பு என்றதும் சுற்றுவட்டாரத்துக்குச் செய்த வேலை என்றுதான் தோன்றும். உள்ளே திறந்து பார்த்தால் வேறு மாநில, வேறு நாட்டு மாணவர் விகிதம், பெண்கள் விகிதம், ஏழை மாணவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி. ஒவ்வொன்றும் வேண்டியதுதான். ஆனால் முக்கூடல்காரருக்குச் செய்த உதவிக்கு அங்கே கட்டமே கிடையாது. பீகாரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தால் மதிப்பெண் உண்டு. ஒரு உதவிப் பேராசிரியர் இரண்டு வருஷம் விதைத் தோட்டத்துக்காக ஊர்க்கூட்டம் ஏறி இறங்கினால் அவர் பதவி உயர்வுப் படிவத்தில் அதை எழுத நல்ல இடமில்லை. அதே இரண்டு வருஷத்தில் மூன்று கட்டுரை எழுதியவர் மேலே போய்விடுவார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கருப்பட்டிக்கு ஒரு சான்று

இன்றைக்கு இந்தச் சீமையில் ஒரு கல்லூரி ஆய்வகம் மனதுவைத்தால் காசாக மாறக்கூடிய காரியம் எது என்று கேட்டால், கருப்பட்டியைச் சொல்வேன். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்தாயிற்று. சட்டப்படி பதிவேட்டில் இரண்டு பாகம். ஒன்றில் பொருளின் பேர், இன்னொன்றில் அந்தப் பேரைப் பயன்படுத்த உரிமை பெற்றவர்கள். முதல் பாகத்துக்குப் பத்திரிகையில் படம் வரும். காய்ச்சுகிற குடும்பம் இரண்டாவது பாகத்தில் ஏறினால்தான் அட்டையில் சின்னம் போடலாம். அதற்கும் மேலே ஒரு சங்கடம்: சீனி போட்டுக் காய்ச்சிய கருப்பட்டி பாதி விலைக்குப் பக்கத்திலேயே விற்கிறது. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆய்வகத்துக்குக் கொடுத்தால் தெரியாதா என்றால், சாதாரணச் சோதனையில் தெரியாது. பதநீரில் இருப்பதும் சுக்ரோஸ், சீனியில் இருப்பதும் சுக்ரோஸ். எரித்தால் மிஞ்சும் சாம்பல் அளவு குறைந்திருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவே. பதநீரில் சுண்ணாம்பு ஆளுக்கு ஆள் மாறுவதால் அதையும் நம்பமுடியாது. உறுதியாகச் சொல்வது கார்பன் ஐசோடோப்பு விகிதம், அதாவது கனத்த கார்பனுக்கும் லேசான கார்பனுக்கும் உள்ள விகிதம். பனை ஒருவிதமாகவும் கரும்பு வேறுவிதமாகவும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கின்றன. தாவரவியல் மாணவர்கள் சி3, சி4 என்று பரீட்சைக்குப் படிப்பது இதுதான். கரும்புச் சர்க்கரையில் கனத்த கார்பனின் பங்கு பனையைவிடத் தெளிவாகக் கூடுதல். கலப்படம் ஏற ஏற எண் கரும்புப் பக்கம் நகரும். தேனில் கரும்புச் சர்க்கரை கலப்பைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க இதே வழிதான்.

கருவி கோடிக்கணக்கில் ஆகும், இங்கே வாங்கவேண்டியதில்லை. மாதிரியை அனுப்பி அளந்து வாங்கலாம். கருவி வாங்கித் திட்டப்பணம் தீர்ந்ததும் பராமரிப்புக்குக் காசில்லாமல் உறைபோட்டு வைப்பதைவிட அது மேல். இங்கேதான் செய்யமுடியும் என்பது வேறொன்று: சுத்தமான கருப்பட்டியின் அளவு என்ன என்று சொல்லும் அடிப்படைத் தொகுப்பு. அது இல்லாமல் எந்த ஆய்வக எண்ணுக்கும் அர்த்தமில்லை. உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை, வேம்பார் என்று இடம் வாரியாக, மாசியிலிருந்து ஆடி வரை மாதம் வாரியாக, மரத்தடியில் நின்று பதநீர் இறங்குவதைப் பார்த்து, அது காய்ச்சி அச்சில் ஊற்றும்வரை கூடவே இருந்து எடுத்த மாதிரிகள் வேண்டும். கடையில் வாங்கியது கணக்கில் சேராது, அதுவே கலப்படமாக இருக்கலாம். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒன்றைக் காற்றுப்புகாமல் கல்லூரியில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் வழக்கு என்று வந்தால் அது வேண்டும். சட்டத்தில் செல்லுபடியாகவேண்டுமென்றால் அறிக்கை, ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரமும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஏற்பும் பெற்ற ஆய்வகத்திலிருந்து வரவேண்டும். கல்லூரி லெட்டர்பேடில் வரும் அறிக்கையைக் கடைக்காரர்கூட மதிக்கமாட்டார். ஆகவே அளக்கும் ஆய்வகத்தைப் பேசிவைத்துக்கொண்டுதான் மாதிரி எடுக்கவே கிளம்பவேண்டும்.

இந்த வேலைக்கு ஆராய்ச்சி மாணவர் ஒத்துவரமாட்டார். பட்டம் வாங்கியதும் போய்விடுவார், பெட்டியில் எந்த எண் எந்த மரத்தடி என்பதும் அவரோடு போய்விடும். நிரந்தரச் சம்பளத்தில் ஒரு ஆய்வக உதவியாளர், பனையேறிகளின் வீடு தெரிந்தவர், வேண்டும். பதநீர் ஆடியோடு நின்றுவிடும். ஆவணியில் உத்தரவு போட்டு ஆளெடுத்தால் அடுத்த மாசிவரை அவருக்கு அளக்க ஒன்றும் இருக்காது. அந்த ஆறு மாதத்தில் அவர் காய்ச்சுகிற குடும்பங்களைப் புவிசார் பதிவேட்டின் இரண்டாவது பாகத்தில் ஏற்ற விண்ணப்பம் எழுதலாம். ஒரு வீட்டுக்கு ஒரு விண்ணப்பம், ஆதாரத்தோடு, கையெழுத்தோடு.